மடித்தே கொடுத்த மார்க் ஷீட்

பத்தாவது ரிசல்ட் வந்த நாளிலிருந்து என் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. கணக்கில் நாற்பத்தொன்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பையன் நல்ல மார்க் வாங்கியதற்கு ஸ்வீட் டப்பாவோடு வந்தபோது இவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளைத் தனியாக விட மனமில்லை. ஆதாரில் என் பிறந்த தேதியைத் திருத்த நெல்லித்தோப்பில் இருக்கும் ஆதார் சென்டருக்குப் போனபோது கூடவே கூட்டிப்போனேன்.

பிறந்த தேதிக்கு என்னிடம் இருக்கும் ஒரே அத்தாட்சி என் பத்தாவது மார்க் ஷீட்தான். எங்கே கேட்டாலும் மார்க் தெரியாதபடி மடித்துத்தான் கொடுப்பேன். அன்றும் அப்படியே நீட்டினேன்.

"முழுசா பிரிச்சுக் குடுங்க சார், ஸ்கேன் பண்ணணும்" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண்.

மகள் வேறு என் பக்கத்திலேயே நிற்கிறாள். வேறு வழியில்லாமல் பிரித்துக் கொடுத்தேன். அந்தப் பெண்ணோ தேதியை மட்டும் பார்த்து டைப் செய்து, ஸ்கேன் பண்ணிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மார்க் பக்கம் அவர் கண்ணே போகவில்லை. இத்தனை வருஷமாக யாருக்குப் பயந்து மடித்தேனோ!

திரும்பும்போது வண்டியில் பின்னாலிருந்து மகள் கேட்டாள்: "அப்பா, கணக்குல நீ எவ்ளோ வாங்கன?"

"முப்பத்தாறு."

என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். "பசிக்குதுப்பா" என்றாள்.

அந்த முப்பத்தாறு எனக்கு உதவியது அன்றைக்குத்தான்.