ஒற்றை விரலுக்கு ஓடிய மேஜை

எங்கள் பட்டறைக்கு வந்த புதிய பேரிங் செய்த ஒரே குற்றம், விரலால் தட்டினால் அது சுழலவில்லை என்பதுதான்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி இயந்திரங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் உதிரிபாகம் செய்கிற பட்டறை அது. செய்ததை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அங்கே ஒரு சுழல்மேஜை உண்டு. வட்டத் தகட்டை அதன்மேல் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சம இடைவெளியில் துளை போடுவோம். அதன் பழைய பேரிங்கைக் கொன்றவர்கள் நாங்களேதான். சாயங்காலமானால் சுத்தம் செய்கிறோம் பேர்வழி என்று காற்றுக் குழாயைப் பிடித்துப் பீய்ச்சுவோம். மேலே கிடந்த கரிசல் புழுதியும் இரும்புத் துகளும் நேராகப் பேரிங்குக்குள் குடிபோகும். மேஜை பளபளக்கும். எல்லோருக்கும் பரம திருப்தி.

வெளியூர்க் கம்பெனி ஒன்று மாதிரித் தகடு கேட்டது. தேறினால் வருடம் முழுக்க வேலை. தேறாவிட்டால் நாலு பேரை வேலையை விட்டு நிறுத்த வேண்டியிருக்கும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவரை நச்சரித்து, கேட்டலாக்கைப் புரட்டி, மேஜையின் எடைக்கும் வேலையின் துல்லியத்துக்கும் பொருந்துகிற பேரிங்கை நானே தேர்ந்தெடுத்தேன். புழுதி படாமல் இருக்க, மாட்டுகிற நேரம்வரை அதைச் சுற்றியிருந்த எண்ணெய்த்தாளைப் பிரிக்கக் கூடாது என்றேன். கேட்டால்தானே! பட்டறையில் இருந்த அத்தனை பேரும் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி பார்த்துத் தடவிவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

பொருத்தி, பேரிங்கை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற பிடிவளையத்தை முறுக்கியதும் முதலாளி மேஜையின் பூட்டை விடுவித்து ஒரு விரலால் தள்ளினார். மேஜை லேசில் நகரவில்லை.

"என்னம்மா இது, இறுக்கிப் பிடிக்குது? பேரிங்னா பம்பரமா சுத்தணும்லா?"

"இது இப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி. உள்ள இருக்க உருளைக்கு ஆட இடம் இருந்தா மேஜையும் ஆடும். துளை தள்ளிப் போயிரும்."

"முப்பது வருசமா மில்லுக்குப் பேரிங் மாத்துதேன். எனக்கே பாடம் எடுக்குதியா?"

எங்கள் ஊரில் பேரிங் தேர்வு செய்கிற விஞ்ஞானம் அவ்வளவுதான். கடை வாசலில் நின்று விரலில் மாட்டிச் சுண்ட வேண்டும். நெடுநேரம் சுற்றினால் உசத்தி.

"அதுக்கு வழி இருக்கு அண்ணாச்சி" என்று பேரிங்கை மாட்டிய ஃபிட்டர் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியைக் கிழித்தார். அட்டையை நறுக்கிப் பிடிவளையத்துக்கு அடியில் கொடுத்தார். இறுக்கம் விட்டது. ஒரு தட்டுக்கு மேஜை ஆறு சுற்று சுற்றியது. முதலாளி அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார்.

மேஜையின் ஆட்டத்தை அளக்க நான் டயல் கேஜை வைத்தேன். முள் துள்ளியது.

"முள்ள நம்புதியா, கைய நம்புதியா?" என்றார் முதலாளி.

அந்த மேஜையில் போட்ட மாதிரித் தகட்டின் துளைகள் கம்பெனி கொடுத்த வரம்பைத் தாண்டியிருந்தன. "வரம்புக்குள்ளன்னு எழுதிப் போடும்மா. நாலு வீட்டுச் சோறு இதுல கிடக்கு" என்றார். எழுதினேன். இவ்வளவு நேரம் ஊரைக் கேலி செய்கிற நான்தான் அந்தப் பொய் எண்களை அழகான கையெழுத்தில் எழுதினேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கம்பெனியிலிருந்து ஒருவர் அளவுக் கருவிப் பெட்டியோடு வந்தார். தகட்டைக் காட்டுவதற்கு முன்பே முதலாளி அவரை மேஜைக்கு இழுத்துப் போனார்.

"பாருங்க சார், ஒத்த விரலுக்கு ஓடுது!"

அது நிற்கும்வரை வந்தவர் பொறுமையாகப் பார்த்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை. என் அளவுத்தாளை மட்டும் வாங்கிப் படித்தார்.

"இந்தக் கையெழுத்து யாரோடது?"

"இந்தப் பிள்ளதான் சார். மயிரிழை பிசகாம அளக்கும்."

அப்படிச் சுற்றுகிற மேஜையில் அந்த எண்கள் வராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். டீகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

"பாத்தியா, அளந்துகூடப் பாக்கல. அவ்வளவு நம்பிக்கை!" என்றார் முதலாளி.

அடுத்த வாரம், மாதிரி தேறவில்லை என்று கடிதம் வந்தது. நாலு பேரும் நின்றுபோனார்கள். என் பொய் அவர்களில் ஒருவரைக்கூடக் காப்பாற்றவில்லை. அன்று நானே ஸ்பானரை எடுத்துப் பிடிவளையத்தைக் கழற்றி, தீப்பெட்டி அட்டையை உருவிப் போட்டுவிட்டு, மறுபடி முறுக்கினேன். டயல் முள் அடங்கி நின்றது.

முதலாளி வந்து ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். மேஜை மசியவில்லை.

"நல்லா ஓடிக்கிட்டிருந்ததக் கெடுத்துப்போட்டியேம்மா" என்றார்.