திரைக்கு அந்தப் பக்கம் இருந்த பெஞ்சு

ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருந்தால் வாய் திறக்கவே தயங்குவேன். இப்படி எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே அதிகமாகப் படுகிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்தார். ஒருநாள் மூட்டைகள் சரிந்து அவர் தலையிலும் வலது கையிலும் விழுந்தன. கை ஓரளவு தேறியது. ஆனால் வலிப்பு வரத் தொடங்கியது. வேலைக்குப் போக முடியாமல் போனது அதனால்தான். மாதாமாதம் அரசாங்கம் உதவித்தொகை கொடுத்ததும் அதற்காகத்தான். வெளியே நாங்கள் கையை மட்டுமே சொல்லி வைத்திருந்தோம்.

அதற்குக் காரணம் நாங்கள் குடியிருந்த அறை. சிராங்கூன் சாலைக்குப் பின்னால், மாடியில், பலகையால் தடுத்த அறைகள். வீட்டை மொத்தமாக எடுத்து உள்வாடகைக்கு விட்டிருந்த அக்கா எல்லாரிடமும் சொல்வார்: "காசம், வலிப்பு உள்ளவங்களுக்கு இங்க எடம் இல்ல. மண்ணெண்ணெய் அடுப்பு மேல ஒருத்தன் விழுந்தா, நாம எல்லாரும் சாம்பல்தான்." அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. என் கணவரை நான் அடுப்புப் பக்கம் விட்டதே இல்லை.

அவ்வப்போது மருத்துவமனைக்குப் போய், நோய் இன்னும் இருக்கிறது என்று காட்டிவர வேண்டும். இல்லாவிட்டால் பணம் நின்றுவிடும். வலிப்பு வந்தது அவருக்கு நினைவிருக்காது. பார்த்தவள் நான்தான் சொல்ல வேண்டும்.

ஒருமுறை புதிதாக ஒரு சீன டாக்டர் வந்திருந்தார். மொழிபெயர்க்க மேசைக்குப் பக்கத்தில் ஒரு தமிழர் நின்றார். அறைக்குக் கதவு இல்லை, திரை மட்டும். திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில், காலில் புண்ணோடு, எங்கள் வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார்.

நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"என்னம்மா, சாமிகிட்ட வேண்டிக்கிற மாதிரி முணுமுணுக்கிறீங்க? சத்தமா சொல்லுங்க லா! இவருக்கு என்ன பண்ணுது?" என்றார் மொழிபெயர்ப்பவர், வெளியே கேட்கும்படி.

பெஞ்சில் பேச்சு நின்றது.

கையைச் சொன்னால் பணம் போய்விடும். வலிப்பைச் சொன்னால் அறை போய்விடும். நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துக்கொண்டு, தேக்கா சந்தையில் மீன் வாங்கிப் பழகிய மலாயில், தாழ்ந்த குரலில் சொன்னேன். வலிப்புக்கு மலாயில் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. விழுகிறார் என்பதற்கு "ஜாத்தோ" என்றேன். நாக்கை நீட்டிப் பல்லால் கடித்துக் காட்டினேன். பிறகு தூங்கிவிடுகிறார் என்றேன். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரும் குரலைத் தாழ்த்தி மலாயிலேயே கேட்டார்.

"அப்ப எனக்கு இங்க என்ன வேலை? தேத்தண்ணி கலக்கவா?" என்றார் மொழிபெயர்ப்பவர். ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

உதவித்தொகை தொடரலாம் என்று டாக்டர் எழுதினார். திரையை விலக்கியதும் அக்கா மொழிபெயர்ப்பவரைத்தான் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, அப்படி என்ன ரகசியம்? அவனுக்கு என்னவாம்?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"கைதான்க்கா, வேற என்ன? உள்ள வாங்க, உங்க காலக் காட்டுங்க" என்றார், அதே சத்தத்தில்.

மறுநாள் காலையில் அக்கா, கைக்குத் தடவச் சொல்லி ஒரு புட்டி தைலம் கொண்டுவந்து கொடுத்தார். தடவிவிட்டேன்.