தோற்றவரை வீட்டுக்கு அனுப்பாத போட்டி: கண்டியில் ஒரு சனிக்கிழமை

வன்னியில் சண்டை நடக்கிற நேரத்தில் கண்டிக்குச் சீட்டு விளையாடப் போனாயா என்று கேட்கிறவர்களுக்கு: விளையாடியது நான் இல்லை, நண்பன் செல்வம். புசல்லாவையில் கணக்கு வாத்தியார். பொதிபொதியாகச் சீட்டு வாங்கிச் சேர்த்து, அதில் அறுபதைப் பொறுக்கிக் கட்டு அமைத்து ஆடும் விளையாட்டில் ஒரு வருடமாக ஊறிக் கிடக்கிறவன். முதல் எட்டுப் பேருக்குள் வந்தால் கொழும்பு இறுதிப் போட்டியில் இடம். அவனுக்கு அது ஒன்றுதான் வேண்டும். பக்கத்தில் இருந்து பார்ப்போமே என்று கடந்த சனிக்கிழமை போனேன்.

கொழும்புக் கோட்டையில் காலை ஏழு மணி ரயில், ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம். வலப்பக்க யன்னலோரம் பிடியுங்கள். நிலையத்திலிருந்து மண்டபத்துக்கு ஓட்டோ நூறு ரூபாய். இருநூறு கேட்பார்கள், மசியாதீர்கள்.

போட்டி முறை தெரியாமல் போகவேண்டாம். வீட்டிலிருந்தே கட்டைக் கொண்டுபோய் ஆடுவது ஒரு வகை. அங்கேயே பொதி பிரித்து, கிடைத்ததை வைத்து ஆடுவது இன்னொன்று. இது முதல் வகை. சுற்றுகள் சுவிஸ் முறையில் நடந்தன. அதில் தோற்றவரை வெளியே அனுப்புவதில்லை. வென்றவரோடு வென்றவர், தோற்றவரோடு தோற்றவர் என்று சோடி சேர்த்து, எல்லோரையும் ஐந்து சுற்றும் ஆடவைப்பார்கள். புள்ளி கூடிய எட்டுப் பேருக்கு மட்டும் கடைசியில், தோற்றால் வெளியே.

செல்வத்துக்கு இது தெரியாது என்பது எனக்குத் தெரியாது. முதல் சுற்றில் தோற்றான். நான் தேத்தண்ணி வாங்கி வருவதற்குள் ஆளைக் காணவில்லை, கைபேசியும் வேலை செய்யவில்லை. அவன் கண்டதெல்லாம் தேயிலைத் தோட்டத்துக் கரம்போர்ட் போட்டிகள். அங்கே தோற்றவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

ஊருக்கு பஸ் ஏறத்தான் போயிருப்பான் என்று குட்செட் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். இந்தக் காலத்தில் தோளில் பையோடு ஒரு தமிழன் கண்டித் தெருவில் ஓடலாமா? வாசலிலேயே இரண்டு பொலிஸ்காரர்கள் மறித்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். ஏன் ஓடினாய் என்று சிங்களத்தில் கேட்டார்கள். என் சிங்களம் கடைக்குப் போதும், இதற்குப் போதாது. பயத்தில் அந்தக் கொஞ்சமும் வரவில்லை.

புறப்பட இருந்த புசல்லாவை பஸ்ஸின் யன்னலில் செல்வம் இருந்தான். என்னைக் கண்டதும் இறங்கி வந்தான். தன் சீட்டுக்கட்டைக் காட்டிச் சிங்களத்தில் நிதானமாக விளக்கினான். ஒருவர் தீ கக்கும் பறவைநாகப் படம் போட்ட சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார்.

"எதுக்கு மச்சான் இப்படி ஓடியாந்த? நான்தான் தோத்துட்டேன்ல."

"தோத்தாலும் இன்னும் நாலு சுற்று இருக்கடாப்பா."

மண்டபத்துக்குத் திரும்பி நடந்தோம். "ஒன்ன உள்ள வச்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?" என்றான்.

நாங்கள் வரும்போது இரண்டாம் சுற்றுக்குக் குறித்த நேரம் கடந்திருந்தது. வராதவன் தோற்றவன் என்பது விதி. மிச்ச மூன்று சுற்றையும் செல்வம் வென்றான். பட்டியலில் ஒன்பதாவது. இரண்டாம் சுற்றில் அவனுக்காகக் காத்திருந்த மாத்தளைக்காரர், ஒரு சீட்டும் இறக்காமல் வாங்கிய புள்ளியோடு எட்டாவது. செல்வம் அவருக்குக் கைகொடுத்தான். எனக்குத்தான் வயிறெரிந்தது, இன்னும் எரிகிறது.

போகிறவர்கள் முதல் சுற்றுக்கு முன்பே நடுவரிடம் முறையைக் கேளுங்கள். தோற்றாலும் மண்டபத்தை விட்டுப் போகாதீர்கள். அடையாள அட்டை கட்டாயம். தமிழராக இருந்தால் எந்த அவசரத்துக்கும் ஓடாதீர்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் நான் நடந்து போயிருந்தால் அந்த பஸ் போயிருக்கும்.