நான் காட்டிக்கொடுத்த பாறை

என் நாவலைப் படித்தவர்களைவிட, அதை அன்பளிப்பாக வாங்கி அலமாரியில் வைத்தவர்கள் அதிகம். தூண்டில் போட ஆசைப்படும் வெளியூர்க்காரர்களைப் படகில் கடலுக்குக் கூட்டிப்போகும் இரண்டு பேருக்குள் நடக்கும் போட்டிதான் கதை. அசல் ஆட்கள் இருவரும் புதுச்சேரியில்தான் இருக்கிறார்கள். ஒரே தெரு. பத்து வருடமாகப் பேச்சு இல்லாமல் இருந்தவர்கள்.

அவர்களில் ஒருவர் என் நண்பர். மற்றவரிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது: கடலுக்கடியில் ஒரு பாறை. கலவா மீன் எப்போதும் தங்குகிற இடம். அவரே தேடிக் கண்டுபிடித்தது. கரையில் தெரியும் அடையாளங்களை வைத்து அங்கே போய் நிற்பார். நெருங்கியதும் வந்தவர்களிடம், "கடல் பக்கம் திரும்பி உக்காருங்க சார், வாந்தி வராது" என்பார். வாந்திக்கும் திசைக்கும் சம்பந்தமில்லை. கரையை அவர்கள் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

என்னை மட்டும் திரும்பச் சொல்லவில்லை. "நீங்க எழுதுறவரு. உங்களால என்னா சார் ஆவப்போவுது?"

நாவலில் அவர் பெயரை மாற்றினேன். மீசையை எடுத்தேன். மாமியார் வீட்டைத் தவளக்குப்பத்திலிருந்து காலாப்பட்டுக்குத் தூக்கினேன். பாறைக்கு மேலே படகு நின்றால் கலங்கரை விளக்கம் மாதா கோயில் கோபுரத்தை மறைக்க வேண்டும், வடக்கே தண்ணீர்த் தொட்டி செல்போன் கோபுரத்துக்கு ஒரு விரல் தள்ளி நிற்க வேண்டும் என்ற இரண்டு வரியை மட்டும் அப்படியே விட்டேன். எல்லாம் உண்மை வாசனைக்காக. புத்தகம் வந்து மூன்று வருடம் அந்தப் பாறைக்கு ஆபத்தே வரவில்லை. என் வாசகர் கூட்டத்தை நம்பி எந்த ரகசியத்தையும் அச்சிடலாம்.

பிறகு நாவலைத் திரைப்படமாக எடுத்தார்கள். இடைவேளைக்கு முன் கதாநாயகன் அந்த இரண்டு வரியையும் உரக்கச் சொல்கிறான். கேமரா கோபுரத்தையும் தொட்டியையும் நிதானமாகக் காட்டுகிறது. அரங்கில் விசில். என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தைரியம் வந்து துறைமுகத்துக்குப் போனேன். நண்பர் படகில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், நம்ப முடியவில்லை, அந்தப் போட்டியாளர்.

"பத்து வருசமா படக எடுத்துக்கினு இவன் பின்னாடியே சுத்துனேன் சார்" என்றார் போட்டியாளர். "தண்ணி காட்டிட்டே இருந்தான். நீங்க டிக்கெட்டு வாங்குனவன் எல்லாருக்கும் சொல்லிட்டீங்க."

"நீ போய்ப் பாத்தியாடா?" என்று நண்பர் அவரைக் கேட்டார்.

"போனேன். இருவது படகு நிக்குது. ஒருத்தன் வலையப் போட்டு வாரினு இருந்தான். திரும்பி வந்துட்டேன்." நண்பர் பக்கம் திரும்பினார். "உன்னாண்டருந்து நான்தான்டா புடுங்கியிருக்கணும்."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். வாக்கியம் நாவலில் வருவது போல நன்றாகவே அமைந்தது, அதனால் பாதியில் நிறுத்திவிட்டேன். "உடுங்க சார்" என்றார் நண்பர். அவர் திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம் அவரே என்னை அழைத்தார். படம் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பாறைக்குப் போனோம். படகில் தூண்டிலே இல்லை. அங்கே இப்போது மீன் கிடையாது. வந்தவர்களுக்கு மீன் தேவையுமில்லை.

"படத்துல வர்ற எடம் இதானே?"

"இதாங்க. கத எழுதுன சாரும் இவருதான்."

குடும்பம் என்னைச் சுற்றி நின்றது. அவர் அவர்களுடைய செல்போனை வாங்கி, எல்லோரும் அடங்குகிற மாதிரி பின்னால் நகர்ந்தார்.

"கொஞ்சம் சிரிங்க சார்" என்றார்.