மெழுகுவர்த்தி வளையாத வீடு

போன கோடையின் தொடக்கத்தில், என் வீட்டு மாடியில் குடியிருக்கும் இளைஞர் இறங்கிவந்து, மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பெங்களூரின் ஓரத்தில், ஹெப்பகோடியில் இருக்கும் பழைய கான்கிரீட் வீடு அது. பகல் முழுக்க லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மண்டை காய்வதில் வியப்பில்லை. செலவு தன்னுடையதென்றும், உள்கூரைக்குத் தெர்மகோல் பலகையும் தானே போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். அரசாங்கத்தில் கட்டடங்களுக்கு மதிப்பீடு போட்டே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கூரைக்கு எது பொருந்தும், எத்தனை கோடை தாங்கும், எந்தக் கோப்பு எந்த மேசையில் படுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் பெயிண்டைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை.

"முதல்ல என்கிட்ட எழுதி வாங்கிக்குங்க," என்றேன். "கூரையில போட்டது உங்களுதுன்னு. நீங்களா போற வரைக்கும் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்னு."

அவர் சிரித்தார். "என்ன சார் இது, உங்க மேல எனக்கு நம்பிக்கை இல்லையா?"

"எனக்கு இல்லை," என்றேன்.

கிழவருக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். அவர் ஷீட் வீட்டில் வளர்ந்தவரல்ல.

நான் வளர்ந்தவன். ஒக்கலிபுரத்தில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில், வட்டாரா என்று பெங்களூரில் சொல்லப்படும் குடியிருப்பு. ஒரே வாசல், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு குழாய், சுற்றிலும் ஒற்றை அறை வீடுகள், எல்லாவற்றுக்கும் மேலே சிமெண்ட் ஷீட். தெருப்பக்கம் ஓனரின் கான்கிரீட் வீடு. பெங்களூரில் ஃபேன் தேவையில்லை என்று அந்தக் காலத்தில் பெருமையடித்துக்கொண்டவர்கள் ஒருவரும் ஷீட்டின் கீழே ஒரு பகலைக் கழித்ததில்லை என்பது என் துணிபு. கரண்ட் போனால் ஏற்றுவதற்கு எங்கள் வீட்டு மேல்தட்டில் ஒரு மெழுகுவர்த்தி நிற்கும். பங்குனி பிறந்துவிட்டால் அது மத்தியானத்துக்குள் தலை குனிந்துவிடும். சாயங்காலம் அதை நிமிர்த்திவைப்பது என் வேலை.

எங்களுக்காவது பள்ளிக்கூடம் இருந்தது. அப்பாவுக்கு அந்த வீட்டில்தான் பகல். நூல் ஆலையில் நிரந்தரமாக இரவு ஷிஃப்ட். காலையில் பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுப்பார். வெயில் ஏற ஏறப் பாயின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு உருளுவார். ஈரத் துண்டைப் போர்த்திக்கொள்வார், அது காய்ந்ததும் எழுந்துவிடுவார். தூங்காத தூக்கம் எங்கே போகும்? ஆலைக்குப் போய் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே வந்தது. மேஸ்திரி ஏற்கெனவே பிடித்துவிட்டிருந்தார். இன்னொரு தடவை கண் மூடினால் வாசலோடு சரி என்று சொல்லியனுப்பியிருந்தார். இதை அம்மா தன் தம்பியிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. "வாசலோடு சரி" என்றால் அப்பா இனி வாசலில் நின்று வேலை பார்ப்பார் என்று புரிந்துகொண்டேன்.

அப்பா தங்கவயல்காரர். பூமிக்கடியில் சில வருடம் உழைத்துவிட்டு ஆலைக்கு வந்தவர். சூடு என்பது ஒரு பிராணி, அதற்கு வர வழி இருப்பதுபோலப் போகவும் வழி வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் அவருடைய முதல் முயற்சியில் இந்தத் தத்துவம் எதுவும் இல்லை. ராகி வைக்கோலை வாங்கி ஷீட்டின்மேல் பரப்பினார். பாதி முதல் காற்றிலேயே அடுத்த தெருவுக்குப் போயிற்று. மீதியைக் கண்டுவிட்ட ஒரு மாடு தினமும் வாசலில் வந்து நின்று, மேலே பார்த்துக் கத்தியது. அதுவரை கொஞ்சமாவது வந்துகொண்டிருந்த தூக்கமும் போயிற்று.

அதன் பிறகுதான் மாமா உள்ளே வந்தார். அம்மாவின் தம்பி, கைக்கடிகாரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை. வெளியூரிலிருந்து இயந்திரம் வந்த பெட்டிகளிலிருந்து கழித்துப்போட்ட தெர்மகோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி, சைக்கிளில் தன் உயரத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தார். அப்பா ஓனரைப் பார்த்து அனுமதி கேட்கப் போனார். நானும் கூடப் போனேன்.

"இதுக்கெல்லாமா கேப்பாங்க?" என்றார் ஓனர். இனிமையான மனிதர். எங்களைப் போலவே வடாற்காட்டு வேர். "உன் வீடுன்னு நெனச்சுக்கோப்பா."

இந்த வாக்கியத்துக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று பிற்காலத்தில் துறைத் தேர்வுக்குப் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எங்களுக்கு அது பட்டா கிடைத்தது போல இருந்தது.

வார விடுமுறைகளில் வேலை நடந்தது. சுண்ணாம்பில் வஜ்ஜிரப் பசை கலந்து ஷீட்டின் முதுகில் பட்டை பட்டையாக அடித்தார்கள். உள்ளே, ஷீட்டுக்கு ஒரு முழம் கீழே மூங்கில் தட்டிகளைக் கம்பியில் தொங்கவிட்டு, அதன்மேல் தெர்மகோலை அடுக்கி, சந்துகளில் கோணியைத் திணித்தார்கள். இரண்டு பக்கச் சுவரிலும் உச்சியில் செங்கல்லைப் பெயர்த்து வலை அடித்தார்கள். சூடு வெளியேறும் வழி அது. தங்கச்சி தலையெல்லாம் வெள்ளை உருண்டைகளோடு திரிந்தாள்.

"அக்கா, இனிமே நீ மீன் வாங்கினா ஐஸ் வேணாம்," என்றார் மாமா ஏணியின் மேலிருந்து. "மாமாவ மட்டும் ஒரு வாரத்துக்கு மேல உள்ள வெக்காத. வெறச்சிப் பூடுவாரு."

"உன்னத்தான்டா மொதல்ல உள்ள வெக்கணும். வாய் ஆறட்டும்," என்றாள் அம்மா.

வேலை முடிந்த மறுநாள் பள்ளிவிட்டு வந்து மேல்தட்டைப் பார்த்தேன். மெழுகுவர்த்தி நேராக நின்றுகொண்டிருந்தது. அதன் கீழே அப்பா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் குறட்டை உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, அரிசி பொறுக்குவதை நிறுத்திவிட்டு, அதைக் கச்சேரி கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். சில நாட்களில் அப்பாவின் கண்ணில் இருந்த சிவப்பு வடிந்தது. ஆலைக்குப் போகும்போது எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார்.

ராமநவமி வந்தது. எங்கள் ஊரில் நாங்கள் கொண்டாடிய பண்டிகையில்லை அது. பெங்களூருக்கு வந்துதான் அம்மா பானகமும், பயத்தம்பருப்பை ஊறவைத்துத் தாளிக்கும் கோசம்பரியும் செய்யக் கற்றாள். வீட்டுக்குப் பெண்களை அழைத்து, கொடுத்து, குங்குமம் வைத்து அனுப்ப வேண்டும். கற்ற மரியாதையை முழுக்கச் செய்துவிட வேண்டும் என்று ஓனரம்மாவையும் போய் அழைத்தாள். குடித்தனக்காரர்கள் வீட்டுக்குள் அதுவரை கால் வைக்காதவள், வந்தாள். பெண்பிள்ளைகள் வருகிறார்கள் என்று அப்பா பாதித் தூக்கத்தில் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, தெருவில் புங்கமரத்தடிக்குப் போய்விட்டார்.

ஓனரம்மா பானகத்தைக் குடித்தாள். அண்ணாந்து தட்டியைப் பார்த்தாள். "ஏம்மா, எங்க வீட்டுல அடுப்புல உக்காந்த மாதிரி இருக்குது. இங்க என்ன இப்படித் தம்பா, சில்லுனு இருக்குது?" என்றாள். அம்மா பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னாள். தட்டி, தெர்மகோல், வலை, சுண்ணாம்பு. கேட்டுக்கொண்டே ஓனரம்மா சுவரில் சாய்ந்தாள், பிறகு அப்பாவின் பாயிலேயே சாய்ந்தாள், பிறகு தூங்கிப்போனாள். மற்ற பெண்கள் குங்குமம் வாங்கிக்கொண்டு ஓசைப்படாமல் போனார்கள். தேவையே இல்லாத காற்றுக்கு அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். ஓனரம்மா எங்கள் வீட்டில் தூங்குகிறாள் என்று நான் வீடுவீடாக ஓடிச் சொன்னேன். குழாயடியில் ஒரு கிழவர் மட்டும், "உங்கப்பன் எங்கடா?" என்று கேட்டார்.

அந்த வாரமே அவள் திரும்பி வந்தாள், பூ வாங்கிக்கொண்டு.

"என் பொண்ணு பிரசவத்துக்கு வர்றா. எங்க வீடு பகலெல்லாம் வெயிலக் குடிச்சி ராத்திரியெல்லாம் கக்குது. பச்சைக் குழந்தை தாங்குமா, நீயே சொல்லு. மூணே மாசம். மூலை வீடு காலியாத்தான் இருக்கு, குழாய்க்கும் பக்கம். நான் கேக்கறது ஓனராவா? ஒரு தாயா கேக்கறேன்."

தாயாகக் கேட்பவளிடம் இல்லையென்று சொல்லும் நடைமுறை எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. "அழைச்சிக்கினு வாங்க," என்றாள்.

மாமாவுக்குத்தான் கோபம். "தட்டியும் நம்முது, கம்பியும் நம்முது. அவுத்து எடுத்துக்கினு போலாம் மாமா. மூலை வூட்டுல மாட்டிக்கலாம்."

அப்பா முக்காலியின்மேல் ஏறிக் கம்பியில் கை வைத்தார். அம்மா கீழிருந்து, "புள்ளத்தாச்சி வர்ற வூடு. கூரையப் பிரிக்கலாமா?" என்றாள். அப்பா கையை எடுத்துவிட்டார்.

"சரி, புதுசா போடலாம்," என்றார் மாமா. "நான் இன்னும் கொண்டாறேன்."

அதற்குள் நாங்கள் மூலை வீட்டுக்கு மாறியாயிற்று, ஓனரம்மாவின் பெண்ணும் வந்துவிட்டாள். ஓனர் எல்லா வீட்டுக்கும் இனிமையாகச் சொல்லியனுப்பினார். குழந்தை பிறக்கும்வரை வட்டாராவுக்குள் ஆணி அடிக்க வேண்டாம், சுவரை இடிக்க வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் இடத்தில் அது ஆகாது. எங்களிடமிருந்து வாங்கிய அறையில் அவர்கள் ஃபேன் மாட்டச் சுவரைக் குடைந்தது கணக்கில் வரவில்லை. அதைப் பெண் வருவதற்கு முந்தின நாளே முடித்திருந்தார்கள். விதிமுறையை எப்படிப் பின்பற்ற வேண்டும் என்பதில் அவர்களிடம் குறை காண முடியாது.

இதை மூடநம்பிக்கை என்று சொல்லி அப்பா சுத்தியலை எடுத்திருக்கலாம். எடுக்க முடியாததற்குக் காரணம் ஓனர் அல்ல. அப்பாவும் அதை நம்பினார். நான் வயிற்றில் இருந்தபோது காலண்டர் மாட்டக்கூட அவர் ஆணி அடிக்கவில்லையாம். என்மேல் காட்டிய அதே பயத்தை அடுத்தவர் பிள்ளைமேலும் காட்டினார். ஆணியில்லாமல் ஷீட்டின்மேல் சுண்ணாம்பாவது அடிக்கலாம் என்று ஏறியபோது, ஷீட் தடதடக்கும் சத்தம் எதிர்வரிசைவரை கேட்டுப் பெண் பயப்படுகிறாள் என்று ஓனரம்மா சொல்லியனுப்பினாள். இறங்கிவிட்டார்.

எனக்கு மூலை வீடு பிடித்திருந்தது. குழாய் பக்கத்தில் இருந்ததால் தண்ணீர்ச் சண்டைகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். மெழுகுவர்த்தி மறுபடி வளைய ஆரம்பித்ததில் எனக்கு என் வேலை திரும்பக் கிடைத்தது. அப்பா மல்லாந்து படுத்து, கண்ணைத் திறந்து, ஷீட்டின் வளைவுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். நானும் பக்கத்தில் படுத்து அவர் எதைப் பார்க்கிறார் என்று தேடுவேன். "அந்தாண்ட போடா, அனல் வீசுது," என்பார். என் உடம்பைச் சொல்கிறார் என்று தோன்றியதேயில்லை.

எதிர்வரிசையில், எங்கள் பழைய வீட்டில், குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. பிறந்ததிலிருந்து அழுததேயில்லை, சதா தூக்கம்தான் என்று ஓனரம்மா குழாயடியில் எல்லாரிடமும் சொன்னாள். ஆணி அடிக்கலாமா என்று அப்பா கேட்கப் போனார். தீட்டுக் கழியட்டும் என்றார்கள்.

தீட்டுக் கழிவதற்கு முன்பே, ஒருநாள் சாயங்காலம் ஆலைக்குப் போன அப்பா, முற்றத்து விளக்கைப் போடுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். டிபன் கேரியரில் அம்மா கட்டிக்கொடுத்த சோறு அப்படியே இருந்தது. அதை நடுவில் வைத்து எங்களையும் உட்காரச் சொன்னார். அப்பாவோடு நான் ராத்திரிச் சோறு சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நாளைக்கும் போக மாட்டியாப்பா?" என்று கேட்டேன். "இல்லடா," என்றார். "இனிமே எப்பவுமே ராத்திரியில வூட்லதான் இருப்பியா?" என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கேரியரின் அடித்தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். அதில் வழிக்க ஒன்றுமில்லை.

"ஆமாண்டா," என்றார் அப்பா.

வாயில் இருந்த சோற்றோடு எழுந்து ஓடினேன். எங்கப்பா இனிமேல் ராத்திரியெல்லாம் வீட்டிலேயே இருப்பார் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்தினேன். போன வாசலில் எல்லாம் பேச்சு நின்றது. எல்லாரும் பொறாமைப்படுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, எங்கள் பழைய வீட்டு வாசலிலும் போய் நின்று, இன்னும் சத்தமாகச் சொன்னேன். உள்ளேயிருந்து ஓனரம்மா வெளியே வந்து, உதட்டில் விரலை வைத்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.