கிணற்று வழக்கின் ரசீதுப் புத்தகம்

பொதுநல வழக்குக்கு நன்கொடை கேட்டுப் போகிறவளுக்கு வாசலிலேயே காப்பி கிடைக்கும், புத்திமதி கிடைக்கும், நன்கொடை மட்டும் 'நாளைக்கு வாம்மா'. எம்.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டே ஆம்பூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிணற்றுக் கமிட்டிக்கு வசூல்காரியாக அலைந்தவள் நான். ரசீதுப் புத்தகத்தோடு அடுத்தவர் வாசலில் நின்று பழகியவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

கையெழுத்து

தோல் பதனிடுகிற டேனரியின் கழிவு இறங்கி எங்கள் பாலாற்றங்கரைக் கிணறுகள் பழுப்பாகிவிட்டன. வக்கீல் தனக்கு ஃபீஸ் வேண்டாம் என்றார். டைப்பிங், மெட்ராஸ் ரயில், தண்ணீர்ப் பரிசோதனை எல்லாம் எங்கள் பாடு. மனுதாரர் முனுசாமி அண்ணன். இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு, அதை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை. "தோத்துட்டா அவங்க செலவையும் நம்ம தலையில கட்டுவாங்களா சார்?" என்று கேட்டார். "கட்டலாம்" என்றார் வக்கீல். "அப்ப தோப்பு போய்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்டது ஊர்த் தண்ணீர், ஒருத்தர் தோப்பு மட்டும் ஏன் போக வேண்டும், மனுவை ஊர் பேரிலேயே போடுங்கள் என்று அரைமணி நேரம் வாதாடினேன். வக்கீல் பேனாவைத் திறந்து அண்ணனிடம் நீட்டினார். "ஊருக்குக் கை கிடையாதும்மா."

அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

டேனரி வாசல்

ஷிஃப்ட் முடிகிற நேரம் பார்த்து டேனரி வாசலிலேயே போய் நின்றேன். கரீம் பாய் அங்கே தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவர். அவர் வீட்டுக் கிணறும் கெட்டுத்தான் கிடந்தது. நான் பேசி முடிக்கிறவரை நின்று கேட்டு, இரண்டு ரூபாய் கொடுத்தார். ரசீது கிழித்து நீட்டினேன். பின்வாங்கிவிட்டார். "ரசீது வேணாம்மா, மேஸ்திரி பாத்தா பேஜார். கேஸ் ஜெயிச்சா என் வேலை போகும், தோத்தா என் தண்ணி போகும். இன்னா கணக்குல எழுதுவே இத?"

மகமை

வாசல் வசூல் போதவில்லை. மண்டியில் மூட்டைக்கு இவ்வளவு என்று தர்மத்துக்குப் பிடிக்கிற மகமை உண்டல்லவா? கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிடிக்கிறீர்களே, கிணற்றுக்கும் கொஞ்சம் பிடியுங்கள் என்று மண்டிக்காரரிடம் வாதாடி ஜெயித்தேன். என் மனசில் இருந்தது தேங்காய் மூட்டை மட்டும். அவரோ விற்பவர், வாங்குபவர் என்று பார்க்காமல் எல்லாச் சரக்குக்கும் பிடித்துவிட்டார். அதே மண்டியில்தான் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் விலை போகிறது. அதை வாங்குவது டேனரி.

மூன்றாம் வாரம் டேனரி கணக்குப்பிள்ளை பில்லை ஆட்டிக்கொண்டு வந்தார். "எங்க மேல கேஸ் போட எங்ககிட்டயே காசா?"

"கெடுத்தவர்தானே கொடுக்கணும்?" என்றேன். வாழ்க்கையிலேயே எனக்கு அவ்வளவு பொருத்தமான எதிராளி கிடைத்ததில்லை! மண்டிக்காரர் தராசை விட்டுத் தலை நிமிரவில்லை. "யார் குடுத்த மகமைன்னு சாமியே கேக்கல, ஜட்ஜா கேக்கப் போறாரு?"

பட்டை வியாபாரம் வேறு மண்டிக்குப் போய்விடும் என்று கணக்குப்பிள்ளை சொன்னதும், மண்டிக்காரர் அடுத்த வாரமே கிணற்று மகமையை நிறுத்திவிட்டார். அதற்குள் பரிசோதனைக்கு வேண்டியது சேர்ந்திருந்தது.

தீர்ப்பு

இரண்டு வருஷம் ஓடியது. டேனரி கழிவுத் தொட்டி கட்ட வேண்டும், வழக்குச் செலவு அவரவருடையது என்று உத்தரவு வந்தது. வக்கீல் படித்துச் சொன்னதும் நான் எழுந்துவிட்டேன். கெடுத்தவர் கொடுக்க வேண்டாமா, தொட்டி கட்டுகிறவரை கிணற்றுக்கு யார் பொறுப்பு என்று ஆரம்பித்தேன்.

முனுசாமி அண்ணன் என்னைக் கையமர்த்தினார். அவருக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். "அப்ப, தோப்பு என்னுதுதானே சார்?"

"உங்களுதுதான்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போதும் சார். மரம் எல்லாம் நிக்குது. காய்ப்புதான் நின்னு போச்சு."

டேனரி தன் வக்கீலுக்குக் கொடுத்தது, எங்கள் மெட்ராஸ் ரயிலுக்கு நாங்கள் கொடுத்தோம், தோல் கழுவின செலவை மட்டும் இன்னும் கிணறுதான் கொடுத்துக்கொண்டிருக்கிறது.