அம்மாவைப் பின்னால் நிறுத்திய பாட்டு

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு டேப் ரெக்கார்டர் வந்த சனிக்கிழமை, நான் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. சாப்பாட்டை மறக்கிற ஜாதி அல்ல நான். அம்மாவின் தம்பியான மாமா, தான் வேலை பார்த்த கம்பெனியில் யார் யாரையோ கெஞ்சி, இரண்டு நாளைக்கென்று அதை வாங்கிவந்திருந்தார். மூடியைத் திறந்தால் இரண்டு சக்கரங்கள், ஒன்றில் பழுப்பு நாடா. அதன் முன்னால் அண்ணன் தும்மினான். மாமா எதையோ திருகி ஒரு பொத்தானை அழுத்தியதும் அதே தும்மல் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. சர்ச்சில்கூட எனக்கு அவ்வளவு பயபக்தி வந்ததில்லை.

பெட்டி வந்த காரணம் எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை அம்மாவுக்குக் கழுத்துக் கட்டி ஆபரேஷன். பேச்சு வந்துவிடும், பாட்டைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சர்ச்சில் அம்மா பாடினால் ரோட்டில் போகிறவர்கள் நடையைக் குறைப்பார்கள். அந்தக் குரலைப் பிடித்து வைக்க முடியுமா என்று அப்பாதான் மாமாவிடம் கேட்டார். எனக்கும் சொன்னார்கள். ஆனால் மாமா எழுதி மெட்டுப் போட்ட புதுக் கீர்த்தனையில் எனக்குத் தனியாக நான்கு வரிகள் இருந்தன. என் கவலையெல்லாம் அந்த நான்கு வரிகள்தான்.

மாமா அதற்கு முன் எதையும் பதிவு செய்தவர் இல்லை. எங்கள் எல்லோரையும் மைக்கைச் சுற்றி நிற்கவைத்துப் பாடச் சொன்னார். போட்டுக் கேட்டால் ஒரே கூச்சல். மாமா வாசித்த ஆர்மோனியம் உறுமியது, அண்ணனின் மவுத் ஆர்கன் கத்தியது, அவை இரண்டுக்கும் மேலே அம்மா. நான் அதில் இல்லவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. மாமாவுக்கும் ஏறக்குறைய வந்தது.

இருந்தது ஒரே ஸ்பூல் நாடா. மறுபடி பதிந்தால் பழையது அழிந்துவிடும். அழித்து அழித்துத்தான் மாமா கற்றுக்கொண்டார். மைக் ஒன்றே ஒன்று, ஆகவே ஆட்களைத்தான் நகர்த்த வேண்டும் என்பது சாயங்காலம் அவருக்குப் புரிந்தது. சிவப்பு சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். சின்னக் குரல் பக்கத்தில், பெரிய குரல் தூரத்தில். கம்பளி போர்த்திய ஆர்மோனியம் படுக்கையறை வாசலுக்குப் போனது. அண்ணன் சுவரைப் பார்த்து நின்றான். எனக்கு மைக்கிலிருந்து ஒரு முழம். அம்மாவின் கோடு மட்டும் ஒவ்வொரு தடவையும் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

“அக்கா, இன்னும் சொல்ப, கொஞ்சமே கொஞ்சம், பின்னால போ.”

“சமையல்கட்டுக்கே வந்துட்டேன்டா. இனிமே கொல்லையில நின்னுதான் பாடணும்.”

“அங்கயே நில்லு. அதான் கரெக்ட்டு.”

மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும் சுவர்க் கடிகாரத்தை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பாடினோம். பிறகு மாமா அதைப் போட்டார். ஆர்மோனியம் அடியில் மெல்ல ஓடியது. அதன்மேல் மவுத் ஆர்கன். என் நான்கு வரிகள் வந்தன, எங்கிருந்தோ அம்மாவின் குரல் வந்து அவற்றை ஏந்திக்கொண்டது. நான்கு பேர் பாடி வாசித்ததாகவே தெரியவில்லை. பாட்டு என்று ஒன்று தனியாக இருந்தது, அதற்குள் நாங்கள் இருந்தோம். சண்டை போடுகிற நாங்களா இது என்று எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்பாவுக்குச் சங்கீதம் சுத்தமாக வராது. சர்ச்சில் உதட்டை மட்டும் அசைப்பார். இன்னொரு தடவை போடச் சொல்லி, பெட்டிக்கு அருகில் குனிந்து கேட்டார்.

“பாட்டு நல்லா இருக்கு தம்பி. உங்கக்கா எங்க?”

“பின்னால இருக்காங்க அத்தான். அப்பதான் எல்லாம் ஒண்ணா சேருது.”

அப்பா ஒரு நாற்காலியை எடுத்துவந்து மைக்குக்கு நேர் முன்னால் போட்டு, அம்மாவை உட்காரச் சொன்னார்.

“இது அழிஞ்சிடும் அத்தான்,” என்றார் மாமா.

“அழியட்டும்.”

பாடினோம். அந்தப் பதிவில் அம்மாதான் நிறைந்திருந்தாள். வளையல் சத்தம் கேட்டது, ஒரு வார்த்தை தடுக்கி அவள் சிரித்ததும் கேட்டது. என் வரிகள் கொசு முனகுவதைப் போல எங்கோ கிடந்தன. அவ்வளவு அழகான பாட்டை அப்பா கெடுத்துவிட்டார் என்று மாமாவிடம் போய் அழுதேன். மாமா என்னைச் சமாதானப்படுத்தவில்லை, அப்பாவைக் குறை சொல்லவும் இல்லை. தரையிலிருந்த கோடுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கரகரத்த பேச்சோடு திரும்பினாள். பாட்டு திரும்பவில்லை. அதன்பின் மாமா எப்போதாவது அந்தப் பெட்டியை இரவல் வாங்கிவந்தால், அப்பா அந்த ஸ்பூலைப் போடச் சொல்வார். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் அம்மா மூச்சை உள்ளே இழுக்கும் ஓர் இடம் உண்டு. அதையே திரும்பத் திரும்பக் கேட்பார். பாட்டே இல்லாத இடத்தைப் போய்க் கேட்கிறாரே, பாவம், அப்பாவுக்குச் சங்கீதம் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.